எல்ஈடி டியூப் மாட்டினதும் கோளாறா? பழைய டியூப்லைட் ஃபிரேம்ல பிழை எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

மதுரையிலயும் மேலூர், திருமங்கலம், சோழவந்தான்னு சுத்துப்பட்டு ஊர்லயும் வயரிங் வேலை பாக்குறேன். எனக்கு வர்ற போன்ல முக்காவாசி இதுதான்: "புது எல்ஈடி டியூப் வாங்கி பழைய ஃபிரேம்லயே மாட்டினேன், எரியல, டியூப் டூப்ளிகேட்டு போல." போய்ப் பாத்தா பெரும்பாலும் டியூப் நல்லாத்தான் இருக்கும், கோளாறு ஃபிரேமுக்குள்ள இருக்கும். நல்ல டியூப்ப குப்பையில போட்டுட்டு இன்னொன்னு வாங்கி, அதையும் அதே ஃபிரேம்ல மாட்டி புகைய விட்டவங்கள நெறையப் பாத்துட்டேன், மனசு கேக்கல, அதான் எந்தக் கோளாறுக்கு எங்கிட்டு பாக்கணும்னு எழுதிடலாம்னு உக்காந்தேன். கரண்ட் வேலை பழக்கம் இல்லாதவங்க நீங்களே ஏற வேணாம், இதப் படிச்சு வச்சுக்கிட்டு வயர்மேனக் கூப்பிட்டு பக்கத்துல நின்னு பாருங்க.

ஸ்டூல்ல ஏறுறதுக்கு முன்னாடி

சுவிட்ச ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது, மெயின நிப்பாட்டணும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டுறது இன்வெர்ட்டர்லதான். சோழவந்தான்ல ஒரு வீடு, அந்தப் பெரியம்மா வாசல்லயே நின்னு சொன்னாங்க, "மெயின நிப்பாட்டிட்டேன்யா, தைரியமா ஏறு." ஏணியில ஏறி ஹோல்டர்ல கை வைக்கப் போறேன், எதுக்கும் இருக்கட்டும்னு டெஸ்டர வச்சேன், பளிச்சுன்னு எரியுது. "இன்வெர்ட்டர் இருக்காம்மா?"ன்னு கேட்டா, "அது தனியால்ல கெடக்கு, மாடிப்படிக்குக் கீழ"ங்குறாங்க. மெயின நிப்பாட்டின அடுத்த நொடியே இன்வெர்ட்டர் கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சு அதே டியூப்லைட்டுக்கு 230 வோல்ட்ட குடுக்க ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு டெஸ்டர் வைக்காம கைய வச்சிருந்தா ஏணியில இருந்து விழுந்திருப்பேன். அதனால இன்வெர்ட்டர் இருக்குற வீட்டுல மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் நிப்பாட்டி, பெறகு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுதான் கை வைக்கணும். அந்த டெஸ்டர் வேலை செய்யுதான்னு முதல்ல கரண்ட் இருக்குற ஒரு பிளக்குல வச்சுப் பாத்துக்கங்க.

மொதல்ல டியூப் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கங்க

கீழ சொல்லப்போற கோளாறுல பாதி இது தெரியாம வர்றதுதான். பாக்க எல்லா 4 அடி டியூப்பும் ஒண்ணு போலத்தான் இருக்கும், ரெண்டு முனையிலயும் ரெண்டு ரெண்டு பின். ஆனா உள்ள ரெண்டு விதமா செய்றாங்க. ஒரு வகையில ஃபேஸ் ஒரு முனையிலயும் நியூட்ரல் மறு முனையிலயும் போகணும். இன்னொரு வகையில ஃபேஸ், நியூட்ரல் ரெண்டுமே ஒரே முனையிலதான், மறு முனை சும்மா தாங்குறதுக்கு. டியூப் முதுகுல ஒரு சின்ன படம் அச்சடிச்சிருப்பாங்க, அட்டைப்பெட்டியிலயும் இருக்கும், பெட்டிய தூக்கிப் போடாதீங்க. படம் அழிஞ்சு போயிருந்தா மல்டிமீட்டர பீப் சத்தம் வர்ற எடத்துல வச்சு ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு பின்னையும் தொடுங்க. ரெண்டு முனையிலயும் பீப் வந்தா பெரும்பாலும் ஃபேஸ் ஒரு பக்கம் நியூட்ரல் ஒரு பக்கம் வகை. ஒரு முனையில மட்டும் பீப் வந்தா, பீப் வராத முனைதான் கரண்ட் குடுக்க வேண்டிய முனை, பீப் வர்ற முனை சும்மா. பீப் எங்கயுமே வரலைன்னா மீட்டர நம்பி முடிவு பண்ணாதீங்க, வாங்குன கடையிலயே படத்தக் கேட்டு வாங்குங்க. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்குறவங்க அங்கயே எரிய விட்டு, எந்த முனையில கரண்ட் குடுக்குறாங்கன்னு பாத்துட்டே வந்துருங்க.

அடுத்தது ஃபிரேம். பழைய செட்டுல இருக்குறது கனமான செம்புக் கம்பி சோக்கும் உருண்டை ஸ்டார்ட்டருமா, இல்ல ஸ்டார்ட்டரே இல்லாம எடை இல்லாத சின்னப் பெட்டி மாதிரி எலக்ட்ரானிக் சோக்கா, இதப் பாத்துக்கங்க.

சுத்தமா எரியவே இல்ல

எலக்ட்ரானிக் சோக் இருக்குற ஃபிரேம்ல அப்படியே மாட்டியிருந்தா மேல எதும் யோசிக்க வேணாம், உடனே டியூப்ப கழட்டுங்க. அந்தச் சோக்குல இருந்து வர்றது வீட்டுக் கரண்டே இல்ல, நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், அது வெளிய விடுறது பல ஆயிரம் ஹெர்ட்ஸ், ஆரம்பிக்கும்போது வோல்டேஜும் எகிறும். எல்ஈடிக்குள்ள இருக்குற டிரைவர், அதாவது வீட்டுக் கரண்ட்ட எல்ஈடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சின்ன சர்க்யூட்டு, அதத் தாங்காது. சோக்க வெட்டி எடுத்துட்டு, உள்ள வர்ற ஃபேஸையும் நியூட்ரலையும் நேரா ஹோல்டருக்குக் குடுத்தாத்தான் எரியும். பெட்டியில எலக்ட்ரானிக் சோக்குக்கும் ஆகும்னு எழுதியிருக்குற தனி வகை டியூப் உண்டு, அத வாங்கியிருந்தா மட்டும் சோக் இருக்கலாம்.

செம்பு சோக் செட்டா இருந்தா, ஃபேஸ் ஒரு பக்கம் நியூட்ரல் ஒரு பக்கம் வகை டியூப்பு ஸ்டார்ட்டர உருவிட்டாலே எரியணும். எரியலைன்னா மூணு எடம் பாருங்க. ஒண்ணு, டியூப்ப ஹோல்டர்ல முழுசா கால் சுத்து திருப்பியிருக்கீங்களா. ரெண்டு, சில டியூப்ல ஒவ்வொரு முனையிலயும் ஒரு பின் மட்டும்தான் உள்ள இணைஞ்சிருக்கும், அப்ப அரைச் சுத்து திருப்பி மாட்டினா எரியும். மூணாவது, எங்க ஊர்ல ரொம்பப் பாக்குறது, ஹோல்டர் செத்துப் போயிருக்கும். இருவது வருசமா சூடேறிக் காஞ்ச பிளாஸ்டிக், உள்ள இருக்குற பித்தளைப் பட்டை தளர்ந்து, பச்சை பூத்து, மேல கரி படிஞ்சு கெடக்கும். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, பட்டை மஞ்சளா மின்னணும், கருப்பா பச்சையா தெரிஞ்சா சொரண்டிக்கிட்டு இருக்காதீங்க, ஹோல்டர மாத்திருங்க, பெரிய செலவு இல்ல. திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய ஃபிரேம் வாங்கி வர்றவங்களுக்கு நான் சொல்றது, ஃபிரேம் பழசா இருக்கலாம், ஹோல்டர் மட்டும் புதுசா போடுங்க.

ஒரே முனை வகை டியூப்ப செம்பு சோக் செட்டுல மாட்டியிருந்தா கதை வேற. அதுக்கு பெட்டிக்குள்ளயே ஸ்டார்ட்டர் மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்க, பாக்க ஸ்டார்ட்டர் போலவே இருக்கும், ஆனா உள்ள வெறும் ஃபியூஸ் கம்பிதான். அந்த எடத்துல பழைய ஸ்டார்ட்டரே இருந்தா கரண்ட் சுத்து நிலையா முழுமையாகாது, ஒழுங்கா எரியாது. ஸ்டார்ட்டர சும்மா உருவிட்டாலும் எரியாது. இது புரியாம "ஸ்டார்ட்டர எடுத்தாச்சே, இன்னுமா எரியல"ன்னு கேக்குறவங்க அதிகம்.

இத்தனையும் பாத்துட்டு டியூப்பு மேலயே சந்தேகம்னா சீரிஸ் போர்டுல வச்சுப் பாருங்க. 100 வாட் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு டியூப்ப இணைச்சா, நல்ல டியூப்பு எரியும், குண்டு பல்பு எரியாது, இல்ல லேசா செவக்கும், அவ்வளவுதான். குண்டு பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சா, ஒண்ணு டியூப்புக்குள்ள ஷார்ட், இல்ல நீங்க சும்மா இருக்குற முனையில கரண்ட் குடுத்துட்டீங்க, முனைய மாத்தி இன்னொரு தடவ பாருங்க. ரெண்டுமே எரியலைன்னா டிரைவர் போயிருச்சு.

பளிச் பளிச்னு விட்டு விட்டு எரியுது

மாட்டின நொடியில இருந்தே மின்னுதுன்னா பழைய ஸ்டார்ட்டர் உள்ளயே இருக்கு. ஸ்டார்ட்டருக்குள்ள வாயு நிரப்பின சின்னக் கண்ணாடிக் குமிழ், அதுல சூடானா வளையுற தகடு, அது தொட்டுத் தொட்டு விலகுறதுதான் பழைய டியூப்ப பத்த வச்சது. எல்ஈடிக்கு அது வேண்டவே வேண்டாம், தொடுறப்பல்லாம் டியூப்ப அணைச்சு, விலகும்போது சோக்குல இருந்து ஒரு அடி குடுக்கும். ரெண்டு நாள் அப்படியே விட்டா டிரைவர் காலி. உடனே உருவுங்க.

நல்லா எரிஞ்சு பத்து இருவது நிமிசம் கழிச்சு மின்ன ஆரம்பிச்சா சூடு. மூடி போட்ட ஃபிட்டிங், தகரக் கூரைக்கு அடியில ஒட்டி மாட்டின ஃபிரேம், இதுலல்லாம் சித்திரை வெயில்ல உள்ள சூடு தாங்காது. மூடியக் கழட்டுங்க, கூரைக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இடைவெளி விட்டு மாட்டுங்க, அப்பவும் மின்னினா டிரைவர் தன் வாழ்நாள முடிச்சிருச்சுன்னு வச்சுக்கங்க.

சாயங்காலம் மட்டும் மின்னுதுன்னா மீட்டர் வச்சு வோல்டேஜ் பாருங்க. உசிலம்பட்டிப் பக்கம் லைனோட கடைசிப் போஸ்ட்ல இருக்குற வீடுகள்ல, சுத்தி மோட்டார் ஓடுற நேரம் ரொம்ப எறங்கிப் போகும். பழைய டியூப்பு அந்த வோல்டேஜ்ல பத்தவே பத்தாது. எல்ஈடியில தாங்குற அளவு டியூப்புலயே அச்சடிச்சிருக்கும், அப்படி ஊர்க்காரங்க 100ல இருந்து 300 வோல்ட்டு வரைக்கும்னு போட்டிருக்குறதா பாத்து வாங்கணும், 220 - 240ன்னு மட்டும் போட்டிருக்குறது அங்க ஆகாது.

இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் மின்னுது, இல்ல உய்ங்னு சத்தம் வருதுன்னா, அது சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரி சீரான அலை) இல்லாத பழைய மாடல் இன்வெர்ட்டரா இருக்கும், டியூப்ப குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

மெயின் டிரிப் ஆகுது

சுவிட்ச் போட்டதும் எம்சிபி (ஷார்ட் ஆனா தானா விழுற போர்டு சுவிட்ச்) டப்புன்னு விழுந்தா, பத்துல எட்டு தடவ நான் பாத்தது ஒரே முனை டியூப்ப தலைகீழா மாட்டினதுதான். நெனச்சுப் பாருங்க, இடது ஹோல்டருக்கு ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் குடுத்தாச்சு. டியூப்போட சும்மா முனையில ரெண்டு பின்னும் உள்ளயே ஒண்ணா இணைஞ்சிருக்கு. அந்த முனைய இடது பக்கம் மாட்டினா ஃபேஸும் நியூட்ரலும் நேரா ஒட்டிக்கிரும், முழு ஷார்ட். செல்லூர்ல ஒரு வீட்டுல நான் ஒழுங்கா மாட்டிக் குடுத்துட்டு வந்தேன், தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தவங்க டியூப்ப கழட்டி வச்சு, முடிஞ்சதும் திருப்பி மாட்டிட்டாங்க, ராத்திரி எட்டு மணிக்கு மொத்த வீடும் இருட்டு. தப்பு என்மேலதான், எந்தப் பக்கம் எதுன்னு நான் எழுதி வைக்கல. அதுல இருந்து வேலைய முடிச்சதும் மார்க்கர் பேனாவால ஃபிரேம்ல "ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் இந்தப் பக்கம், சோக் எடுத்தாச்சு"ன்னு எழுதி, டியூப்லயும் அதே முனையில ஒரு அம்புக்குறி போட்டுட்டுதான் எறங்குறேன். நீங்களும் எழுதுங்க. நாளைக்கு வேற யாராச்சும் பழைய சாதா டியூப்ப கொண்டாந்து இந்த ஃபிரேம்ல மாட்டப் பாத்தாலும் அந்த எழுத்து தடுக்கும்.

எம்சிபி விழாம ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) மட்டும் விழுந்தா ஷார்ட் இல்ல, எர்த்துக்கு கரண்ட் கசியுது. ஃபிரேமோட தகர விளிம்புல வயர் உரசி தோல் கிழிஞ்சிருக்கான்னு தேடுங்க.

கடை, ஆபீஸ்ல இருந்து கழட்டின ரெட்டை டியூப் செட்டுல டப்பா மாதிரி ஒரு கெப்பாசிட்டர் லைனுக்கு குறுக்க நிக்கும், சோக்குக்காக வச்சது. சோக்க எடுக்கும்போது அதையும் எடுத்துருங்க. மெயின நிப்பாட்டின பெறகும் அதுல சார்ஜ் நிக்கலாம், ரெண்டு முனையையும் வெறுங்கையால பிடிக்காதீங்க.

சுவிட்ச் ஆஃப் பண்ணியும் மங்கலா எரியுது

இதப் பாத்து பயப்படுறவங்களும் உண்டு, பெருசா எடுத்துக்காதவங்களும் உண்டு. ரெண்டுமே சரியில்ல, காரணத்தப் பாக்கணும். சுவிட்சுல ஆஃப்ல இருக்கும்போது எரியுற சின்ன செவப்பு இண்டிகேட்டர் இருந்தா, அது வழியாப் போற துளி கரண்ட்டே எல்ஈடிய மினுக்க வைக்கும், இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாத்தினா நின்னுரும். ஆபத்து ஒண்ணும் இல்ல.

அந்த மாதிரி சுவிட்ச் இல்லையா, அப்ப கவனிங்க. மாசி வீதிகளுக்கு உள்ள இருக்குற பழைய வீடுகள்ல ரீப்பர் வயரிங் (மரச் சட்டத்து மேல வயர் ஓட்டுற பழைய முறை) இன்னும் இருக்கு, யாரோ ஒரு காலத்துல ஃபேஸுக்கு பதிலா நியூட்ரல சுவிட்சுல குடுத்திருப்பாங்க. சுவிட்ச ஆஃப் பண்ணினாலும் ஃபேஸ் டியூப்புலயே நிக்கும். பழைய டியூப்லைட்டுல இது வெளிய தெரியவே தெரியாது, அந்தத் துளி கரண்ட்டுக்கு அது எரியாதுல்ல. எல்ஈடி மாட்டினதும்தான் காட்டிக் குடுக்குது. சுவிட்ச ஆஃப்ல வச்சு ஹோல்டர்ல ரெண்டு பக்கமும் டெஸ்டர் வச்சுப் பாருங்க, நல்லா எரிஞ்சா இதுதான். டெஸ்டர் சில நேரம் பக்கத்து வயரோட தூண்டல்லயும் லேசா எரியும், அதனால ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு குண்டு பல்பு வச்சு உறுதி பண்ணிக்கங்க. ஆர்சிசிபி இருக்குற வீட்டுல அந்த பல்பு வச்சதும் டிரிப் ஆனாலும் அர்த்தம் அதேதான். இத மாத்தாம விடாதீங்க, சுவிட்ச் ஆஃப்தானேன்னு நம்பி டியூப்ப கழட்டப் போற ஆளு வீட்டம்மாவாவோ புள்ளையாவோ இருக்கலாம்.

தொட்டா சுர்ருங்குது

ஃபேஸ் ஒரு பக்கம் நியூட்ரல் ஒரு பக்கம் வகை டியூப்ப, சுவிட்ச் ஆன்ல இருக்கும்போது ஒரு முனைய மட்டும் மாட்டி மறு முனையப் பிடிச்சா ஷாக் அடிக்கலாம். டியூப்பு வழியாவே கரண்ட் அந்தப் பின்னுக்கு வரும். தரமான டியூப்ல அதத் தடுக்க உள்ளயே ஏற்பாடு இருக்கும், நம்பி எறங்க வேணாம். ஒரே முனை வகையில இந்த ஆபத்து இல்ல, எங்க வீட்டுக்கு நான் போட்டது அந்த வகைதான்.

மாட்டி முடிச்ச பெறகு ஃபிரேமத் தொட்டா சுர்ருன்னா எர்த் இல்ல. தகர ஃபிரேமுக்கு பச்சை வயர் கட்டாயம். டியூப்போட அலுமினிய முதுகுலயே சுர்ருன்னா அந்த டியூப்ப திருப்பிக் குடுத்துருங்க, வச்சுக்காதீங்க.

அடிக்கடி போகுது

ஒரே எடத்துல இருக்குற டியூப்பு மட்டும் திரும்பத் திரும்பப் போனா, சோக்க உள்ளயே விட்டிருக்கீங்களான்னு பாருங்க. செம்பு சோக்க விட்டாலும் எல்ஈடி எரியும், கரண்ட்டும் பெருசா கூடாது, ஆனா சுவிட்ச் ஆஃப் பண்ற ஒவ்வொரு தடவையும் சுருள்ல இருந்து வோல்டேஜ் ஒரு எகிறு எகிறும். பெட்டியில சோக்கோட மாட்டலாம்னு எழுதியிருந்தா ஒழிய நான் சோக்க எடுத்துருவேன்.

வீட்டுல நாலஞ்சு டியூப்பு ஒரே நாள்ல போச்சுன்னா டியூப்ப விட்டுட்டு நியூட்ரலப் பாருங்க. மூணு ஃபேஸ் வர்ற வீட்டுலயோ போஸ்ட்லயோ நியூட்ரல் விட்டுப் போனா, 230 இருக்க வேண்டிய எடத்துல 300க்கு மேல ஏறும். அறிகுறி தெளிவா இருக்கும்: ஒரு ரூம்ல ஃபேன் தலைதெறிக்க சுத்தும், இன்னொரு ரூம்ல மெதுவா ஊர்ந்துக்கிட்டு கெடக்கும். அந்த நிமிசமே மெயின நிப்பாட்டிட்டு மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் நம்பர் 94987 94987க்கு சொல்லுங்க, ஃபிரிட்ஜும் டிவியும் போறதுக்கு முன்னாடி. கோடை இடி மழைக்குப் பெறகு போறது சர்ஜ், அதாவது லைன்ல திடீர்னு எகிறுற வோல்டேஜ். டியூப் பெட்டியில சர்ஜ் 2.5 கேவி, 4 கேவின்னு (ஒரு கேவின்னா ஆயிரம் வோல்ட்) போட்டிருக்கும், கிராமத்துக்கு கூடுதலா இருக்குறத வாங்குங்க.

சக்கரம் நிக்கிற மாதிரி தெரியுது

மாவு மில்லு, தையல் கடை, லேத்து வச்சிருக்குறவங்க இத மட்டுமாச்சும் படிங்க. விலை கம்மியான எல்ஈடி டிரைவர் நம்ம கரண்ட்டுக்கு நொடிக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்துல சுத்துற சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துல அசையாம நிக்கிற மாதிரியோ மெதுவா பின்னால போற மாதிரியோ தெரியும். நின்னுருச்சுன்னு கைய வச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. செல்போன் கேமராவ டியூப்புக்கு நேராப் பிடிங்க, திரையில கருப்புப் பட்டை பட்டையா ஓடுனா அந்த டியூப்பு மெஷினுக்குப் பக்கத்துல வேணாம், வராண்டாவுக்கு மாத்திட்டு பட்டை வராத டியூப்பு போடுங்க.

வெளிச்சம் பத்தல

பழைய டியூப்பு சுத்தி எல்லாப் பக்கமும் எரியும், எல்ஈடி முன்பக்கம் மட்டும். சுவத்தோட ஒட்டி மாட்டின ஃபிரேம்ல டியூப்ப கொஞ்சம் கீழ்ப்பக்கமா திருப்பினாலே ரூம் மாறிரும், முகப்பு சுழலுற மாதிரி டியூப்பா இருந்தா சுலபம். வாட்ட பாக்காதீங்க, வெளிச்சத்தோட அளவான லூமென்ஸ் பாருங்க, 4 அடிக்கு 2000 லூமென்ஸ் இருந்தா ஒரு ரூமுக்குத் தாராளம். பழைய 36 வாட் டியூப்பும் செம்பு சோக்கும் சேந்து 46 வாட்டு போல இழுக்கும், 20 வாட் எல்ஈடி போட்டா 26 வாட் மிச்சம், தெனம் ஆறு மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாச பில்லுல ஒரு டியூப்புக்கு 9 யூனிட்டுக்கு மேல கொறையும்.

கழட்டின பழைய டியூப்ப ஒடச்சு குப்பையில போடாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு. குப்பை எடுக்குற அக்காமாரு அத வெறுங்கையாலதான் அள்ளுறாங்க. புது டியூப்பு வந்த அட்டையிலயே முழுசா வச்சுக் கட்டி, மின்னணுக் கழிவு வாங்குறவங்ககிட்ட சேத்துருங்க. தவறி ஒடஞ்சா ஃபேன நிப்பாட்டி, ஜன்னல தெறந்து விட்டு கால் மணி நேரம் கழிச்சு, விளக்குமாறால கூட்டாம ரெண்டு கெட்டி அட்டையால வாரி, ஈரத் துணியால தொடச்சு, எல்லாத்தையும் ஒரு மூடி போட்ட டப்பாவுல போடுங்க.